தம்பியின் மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டினேன், சரியா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைக்கில் இருந்து விழுந்து முதுகில் அடிபட்டது. அப்போது டாக்டர் டிராமடால் எழுதித் தந்தார். வலியால் தூக்கம் வரவில்லை என்றதும் ஆல்ப்ரசோலாமும் சேர்ந்துகொண்டது. அடி ஆறிவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. இப்போது ஒரு நாளைக்கு டிராமடால் 50 மி.கி. ஆறு, ஆல்ப்ரசோலாம் 0.5 மி.கி. நான்கு என்று போகிறது. மூன்று டாக்டர்களிடம் தனித்தனியாகச் சீட்டு வாங்குகிறான். ஒரு சீட்டில் எண்ணைத் திருத்தியிருந்ததையும் பார்த்துவிட்டேன். போன வாரம் எல்லா அட்டைகளையும் கழிவறையில் கொட்டினேன். மூன்றாம் நாள் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, சுவரில் ஏதோ ஊர்கிறது என்றான். பயந்துபோய் இரண்டையும் மறுபடி வாங்கிக் கொடுத்துவிட்டோம். எங்காவது ஒரு மையத்தில் பூட்டி வைத்தால்தான் சரியாவானா? அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சையில் மிஞ்சிய வலி மாத்திரைகளும் வீட்டில் கிடக்கின்றன. எனக்கு 15 வயதில் மகன் வேறு இருக்கிறான். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரி, மறுபடி வாங்கிக் கொடுத்தது உங்களை உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அந்த உறுத்தலை இறக்கி வையுங்கள். அந்த வாரத்தில் ஆபத்தாக இருந்தது கொட்டியதுதான். திருப்பிக் கொடுத்தது அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடும். சுவரில் ஏதோ ஊர்வதாகத் தெரிந்தது அடமோ நடிப்போ இல்லை. ஆல்ப்ரசோலாம் சட்டென்று நின்றுபோனதில் மூளை கட்டுக்கடங்காமல் கிளர்ந்துவிட்டதற்கான அடையாளம் அது. அதற்கு அடுத்த கட்டம் வலிப்பு. அந்த நிலையை வீட்டில் வைத்துச் சமாளிக்கக் கூடாது, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் தம்பி இரண்டு வேறு வகை மருந்துகளில் இருக்கிறார். இரண்டும் நிற்கும்போது உடம்பு இரண்டு விதமாக எதிர்க்கும். வீட்டில் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் புரிந்தாலே பாதி விபத்தைத் தவிர்க்கலாம்.

டிராமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்து. திடீரென நின்றால் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடம்பு முறுக்கும், வயிறு போகும், வாந்தி வரும், மயிர்க்கூச்செறியும், கால் ஓரிடத்தில் நிற்காது. பெரும்பாலும் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு நாளுக்குள் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். படுத்தி எடுக்கும். ஆனாலும் மற்றபடி நலமாக இருக்கும் ஓர் இளைஞருக்கு, உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால், இதனால் உயிர் போவது அரிது. டிராமடாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. சில மனச்சோர்வு மருந்துகளைப் போலச் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களின் மீதும் அது வேலை செய்கிறது. அதனால் சிலருக்கு அது நிற்கும்போது பீதி, கைகால் மதமதப்பு, குழப்பம் என்று மற்ற ஓபியாய்டுகளில் காணாத அறிகுறிகளும் வரும்.

ஆல்ப்ரசோலாம் பென்சோடயஸெபின் வகை. மூளை தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இது வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கிறது. இரண்டு ஆண்டுகள் முட்டுக் கொடுத்தே நின்ற சுவரில் ஒரே நாளில் முட்டை உருவினால் என்ன ஆகும்? பதற்றம், நடுக்கம், தூக்கமின்மையில் தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போகும். உயிரும் போகலாம். உடம்பில் இதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 11 மணி நேரம்தான் ஆகும். அதனால் நிறுத்திய முதல் மூன்று நான்கு நாட்களே மோசமானவை. மூன்றாம் நாள் நீங்கள் பார்த்தது இதைத்தான்.

இனி முக்கியமான முடிச்சு. டிராமடால் வலிப்பு வருவதை எளிதாக்கும் மருந்து. நாளுக்கு 400 மி.கி. உச்சவரம்பு. தம்பி 300 மி.கி. எடுக்கிறார், அதாவது வரம்புக்கு அருகில்தான் இருக்கிறார். ஆல்ப்ரசோலாமோ வலிப்பை அடக்கும் மருந்து. ஆக, இப்போதைக்கு ஒன்று கிளப்புவதை இன்னொன்று அழுத்திப் பிடித்திருக்கிறது. ‘தூக்க மாத்திரையையாவது நிறுத்துவோம், வலி மாத்திரை இருக்கட்டும்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும், ஆனால் இருக்கும் வழிகளில் மிக மோசமானது அதுதான். மறுபக்கம், இரண்டும் சேர்ந்து மூச்சையும் அடக்கும். கூடவே மது சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். ஓபியாய்டையும் பென்சோடயஸெபினையும் சேர்த்துக் கொடுப்பதன் ஆபத்தை மருந்தின் குறிப்பிலேயே கட்டமிட்டு எச்சரிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 இல் உத்தரவிட்டது இதனால்தான். தொடர்வதிலும் ஆபத்து, சட்டென நிறுத்துவதிலும் ஆபத்து என்பதால் மருத்துவர் கணக்குப் போட்டு இறக்குவது ஒன்றுதான் வழி.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் எண்ணுங்கள். தம்பியை உட்காரவைத்து, அவர் கண்முன்னே, அவர் கையாலேயே எண்ணச் சொல்லுங்கள். ஒளித்து வைத்தவையும் வெளியே வரட்டும். “நான் எதையும் பிடுங்க மாட்டேன், ஒரே நாளில் நிறுத்தவும் விட மாட்டேன். சரியான எண்ணிக்கை தெரிந்தால்தான் டாக்டரிடம் உனக்காகப் பேச முடியும்” என்று சொல்லிப் பாருங்கள். மாத்திரை தீர்ந்துவிடுமோ என்ற பயம்தான் மூன்று டாக்டர்களிடம் ஓடவைக்கிறது, சீட்டைத் திருத்தவைக்கிறது. அந்தப் பயம் கொஞ்சம் குறைந்தாலே பொய்யும் குறையும்.

ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: நேரம், மருந்து, எத்தனை மி.கி., எதற்காக எடுத்தார். ஏழு நாள் எழுதினால் போதும். ‘நாளுக்கு நான்கு’ என்பவர் உண்மையில் சில நாள் மூன்று, சில நாள் ஆறு என்று எடுத்திருப்பார். எந்த அளவிலிருந்து குறைக்கத் தொடங்குவது என்பதை மருத்துவர் இந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். தவறான எண்ணிலிருந்து தொடங்கினால் முதல் படியிலேயே சறுக்கும்.

அட்டையின் பின்புறத்தையும் படியுங்கள். டிராமடால் பல மாத்திரைகளில் பாராசிட்டமாலுடன் சேர்ந்தே வருகிறது, பெரும்பாலும் 325 மி.கி. ஆறு மாத்திரை என்றால் பாராசிட்டமால் மட்டும் 1,950 மி.கி. அதற்கு மேல் தலைவலிக்கு, காய்ச்சலுக்கு என்று தனியாக வேறு போட்டால், ஆரோக்கியமான பெரியவருக்கான நாளொன்றுக்கு 4,000 மி.கி. வரம்பைத் தொடுவது சுலபம். மது அருந்துபவருக்கு வரம்பு இன்னும் குறைவு. போதைக்காகக் கூட்டு மாத்திரை விழுங்குபவர்களில் பலருக்குக் கல்லீரல் கெடுவது இந்தக் கணக்குத் தெரியாததால்தான். மாத்திரையில் ‘நீடித்து வெளியாகும்’ வகை என்று போட்டிருந்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. 12 மணி நேரத்துக்கு உரியது ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும்.

மாத்திரைகளைப் பூட்டும் பெட்டியில் வையுங்கள். காலை, மதியம், இரவு என்று அன்றன்றைக்குப் பிரித்துக் கொடுங்கள். சாவி உங்களிடம் இருப்பது தம்பிக்குத் தெரிந்தே இருக்கட்டும். அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். ஒரு மாத்திரையை மறைத்து ‘பார்க்கலாம்’ என்று சோதித்தால், அவர் அதைக் கண்டுபிடிக்கும் நாளோடு நம்பிக்கை முடிந்தது. மதுவும், தூக்கம் வரவைக்கும் சளி, இருமல் மருந்துகளும் இப்போது கூடவே கூடாது. வண்டியோட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கு இட்ராகோனசோலோ கீட்டோகோனசோலோ யாராவது எழுதினால், ஆல்ப்ரசோலாம் எடுப்பதை உடனே சொல்ல வேண்டும். இவை ஆல்ப்ரசோலாமை உடம்பில் தேங்கவைக்கும். மனச்சோர்வு மருந்துகள் பலவும் டிராமடாலோடு சேர்ந்தால் செரட்டோனின் மிகையாகி உடம்பு கொதித்து, தசைகள் துடித்து, குழப்பம் வரலாம். ‘சும்மா ஒரு மாத்திரை’ என்று எதையும் கூடச் சேர்க்க வேண்டாம்.

எப்போது அவசர ஊர்தியை அழைப்பது? வலிப்பு வந்தால். இல்லாதது கண்ணில் தெரிந்தால், ஆள் அடையாளம் குழம்பினால், காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால். தட்டி எழுப்பியும் எழாமல், குறட்டை போலக் களகளவென்று சத்தம் வந்து, நிமிடத்துக்கு 10 மூச்சுக்கும் குறைவாக இருந்தால், உதடும் நகமும் நீலமோ சாம்பலோ ஆனால் ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சு நின்றால் மூச்சு கொடுங்கள். காபி ஊற்றுவது, குளிர்ந்த நீரில் நிறுத்துவது, வாந்தி எடுக்கவைப்பது எதுவும் உதவாது. வாயில் ஊற்றியது மூச்சுக்குழாயில்தான் போகும். ‘தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்’ என்று விட்ட இரவுகளில்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன.

நலாக்சோன் என்ற முறிமருந்து கிடைக்கும் இடமாக இருந்தால், மருத்துவரிடம் கேட்டு வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் அடிக்கும் 4 மி.கி. வடிவம் வீட்டாருக்கு எளிது. இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் இன்னொன்று. இது ஓபியாய்டை மட்டுமே எதிர்க்கும், ஆல்ப்ரசோலாம் மீது வேலை செய்யாது. அதனால் மூச்சு திரும்பியும் ஆள் முழுதாக விழிக்காமல் இருக்கலாம். டிராமடால் மிகையாகிப் போனவருக்கு இதைக் கொடுத்தால் சில சமயம் வலிப்பு வரலாம் என்றாலும், மூச்சு நின்றிருக்கும்போது அதற்காகத் தயங்கக் கூடாது. இதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். மாத்திரையோ அதைவிட நெடுநேரம் உடம்பில் இருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று மருத்துவமனைப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள்.

அடுத்தது மருத்துவர். மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அல்லது அடிமைநோய்ச் சிகிச்சையில் பழகிய மனநல மருத்துவர் ஒருவரிடம் போங்கள். அவரிடம் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுங்கள்: மூன்று சீட்டு, திருத்திய எண், கொட்டியது, மூன்றாம் நாள் நடந்தது, முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதுவும். மற்ற இருவருக்கும் தம்பியே சொல்லிவிடுவது நல்லது. இனி ஒரே மருத்துவர், ஒரே மருந்துக்கடை, ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை என்று கேட்டு வாங்குங்கள். ‘மாதம் முழுவதுக்கும் சேர்த்துக் கொடுங்கள்’ என்ற வசதி இந்தச் சமயத்தில் வேண்டாம். இதெல்லாம் தண்டனை போலத் தோன்றும். அவருக்கு அப்படிப் புரியவிடாதீர்கள். சர்க்கரை நோயாளியின் இரத்த அளவைப் பார்ப்பது போன்ற கண்காணிப்புதான் இது.

தம்பி ‘அடிமை’யா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சொல் வீட்டில் புழங்கும் என்று ஊகிக்கிறேன். உடம்பு மருந்துக்குப் பழகிவிடுவது வேறு, பயன்பாட்டுக் கோளாறு வேறு. முதலாவது, சொன்னபடி ஒழுங்காக எடுத்தவருக்கும் வரும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அளவுகோல்கள் உள்ளன. 12 மாதத்தில் இரண்டு இருந்தாலே கோளாறு என்று கொள்வார்கள். மருத்துவர் மேற்பார்வையில் சொன்னபடி எடுப்பவருக்கு, அளவு கூடிக்கொண்டே போவதையும் நிறுத்தினால் வரும் அறிகுறிகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் தம்பியின் நிலை அதைத் தாண்டிவிட்டது. நினைத்ததைவிடக் கூடுதலாக எடுப்பது, வாங்குவதற்கே நேரமெல்லாம் போவது என்று கோளாறும் இருக்கிறது. இரண்டுக்கும் மருத்துவம் உண்டு. திட்டுவதால் இரண்டும் குறைவதில்லை.

மருத்துவர் எப்படிக் குறைப்பார் என்று ஒரு வடிவம் சொல்கிறேன், நீங்களாகச் செய்வதற்கு அல்ல, அவர் செய்வது புரிவதற்கு. இரண்டையும் ஒரே சமயத்தில் இறக்குவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பெரும்பாலும் ஓபியாய்டை முதலில் ஒரு நிலைக்குக் கொண்டுவருவார்கள், அதுவரை ஆல்ப்ரசோலாம் இருக்கும் அளவிலேயே நிற்கும்.

டிராமடாலுக்கு இரண்டு வழிகள். ஒன்று, ஒரு மாத்திரை, அரை மாத்திரை என்று ஒன்றிரண்டு வார இடைவெளியில் மெல்லக் குறைப்பது. கட்டுப்பாடு ஓரளவு கைவசம் இருப்பவர்களுக்கு இது ஒத்துவரும். மற்றது புப்ரெனார்ஃபின். சீட்டைத் திருத்தும் அளவுக்குப் போய்விட்டவருக்கு நான் இரண்டாவதைத்தான் பரிசீலிக்கச் சொல்வேன். இதுவும் ஓபியாய்டுதான், ஆனால் ஓர் அளவுக்கு மேல் இதன் வேகம் ஏறாது. ஏக்கமும் விலகல் வேதனையும் (மருந்து நின்றதும் உடம்பு படும் பாடு) அடங்கும், மிதப்பு கிடைக்காது. இதே சிகிச்சைக்கு உதவும் மெத்தடோன் என்ற இன்னொரு ஓபியாய்டோடு சேர்த்து இதை 2005 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

புப்ரெனார்ஃபினில் பலர் தவறுவது தொடக்கத்தில். முந்தைய ஓபியாய்டு உடம்பில் நிறைய இருக்கும்போதே கொடுத்தால், அது பழையதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லா விலகல் அறிகுறிகளும் ஒன்றாக வந்து அடிக்கும். ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அன்றோடு ஓடிவிடுவார்கள். அதனால் கடைசி டிராமடாலுக்குப் பின் 12 முதல் 24 மணி நேரம் காத்திருந்து, நாடித்துடிப்பு, கண்மணி, வியர்வை, நடுக்கம் என 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, விலகல் உண்மையிலேயே தொடங்கிய பிறகே முதல் 2 அல்லது 4 மி.கி. கொடுப்பார்கள். மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே வீணாகும். கரையும்வரை பேசவோ குடிக்கவோ கூடாது. கரைந்தபின் வாயைக் கொப்பளிக்கவும், ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கவும் சொல்வார்கள், பல் கெடாமல் இருக்க.

ஆல்ப்ரசோலாமோடு புப்ரெனார்ஃபின் சேர்ந்தாலும் மூச்சு விஷயத்தில் கவனம் வேண்டும். அதற்காகச் சிகிச்சையையே மறுப்பது தவறு, மறுத்தால் மறுபடி டிராமடாலுக்குத்தான் போவார். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று உறவினர்கள் கேட்பார்கள். பிரான்ஸில் 1995 இல் பொது மருத்துவர்களே புப்ரெனார்ஃபின் எழுதலாம் என்று வந்தபின், நான்கே ஆண்டுகளில் ஹெராயின் மிகையாகி இறப்பது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது என்று அவர்களிடம் சொல்லலாம்.

ஆல்ப்ரசோலாமுக்குப் பொறுமைதான் மருந்து. தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பது இன்றைய நடைமுறை. தம்பியின் அளவு நாளுக்கு 2 மி.கி. அதில் 0.25 மி.கி. மாத்திரையில் பாதி, அதாவது 0.125 மி.கி. ஒரு படி என்றால், மொத்தம் 16 படிகள். இரண்டு வாரத்துக்கு ஒரு படி என்றால் 32 வாரம், நான்கு வாரத்துக்கு ஒன்று என்றால் ஓராண்டுக்கும் மேல். கேட்டதும் மலைப்பாக இருக்கும், ஆனால் ஒரே மாதத்தில் முடிக்கப் பார்த்தவர்கள் மூன்று தடவை முயன்று அதே ஓராண்டைத்தான் செலவழித்திருப்பார்கள். சில மருத்துவர்கள் முதலில் இதே வகையைச் சேர்ந்த டயஸெபாமுக்கு மாற்றிக்கொண்டு பிறகு குறைப்பார்கள். அது உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் ஏற்ற இறக்கம் மென்மையாக இருக்கும். 2 மி.கி. ஆல்ப்ரசோலாமுக்கு ஈடான டயஸெபாம் அட்டவணைக்கு அட்டவணை 20 முதல் 40 மி.கி. வரை மாறும். அதனால் இந்த மாற்றத்தை வீட்டில் செய்யவே கூடாது.

இதில் வழக்கமாகக் கெடுவது எங்கே என்று சொல்லிவிடுகிறேன். ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ எடுப்பது ஒன்று. 11 மணி நேரத்தில் பாதியாகும் மருந்தை 48 மணி நேர இடைவெளியில் எடுத்தால், இடைப்பட்ட நாளெல்லாம் குட்டிக் குட்டி விலகல்தான். தினமும் அதே நேரங்களில் எடுத்து, ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் குறைவதுதான் சரி. இரண்டாவது, நடுவழியில் படபடப்பு கூடினால் பழைய அளவுக்கே ஏறிவிடுவது. பெரும்பாலும் அந்தப் படியிலேயே இன்னும் இரண்டு வாரம் நின்றால் அடங்கிவிடும். மூன்றாவது, கடைசிக் கால் பங்கை ‘இவ்வளவுதானே’ என்று மொத்தமாக விட்டுவிடுவது. அந்த இடத்தில்தான் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். நான்காவது, குறைந்த மாத்திரையின் இடத்தில் மது வந்து உட்காருவது. இது சத்தமில்லாமல் நடக்கும், நோட்டில் அதற்கும் ஒரு பத்தி போடுங்கள்.

இனி உங்கள் நேரான கேள்வி, பூட்டி வைக்கலாமா? மருத்துவரும் செவிலியரும் இரவும் பகலும் இருந்து, மருந்து கொடுத்து இறக்கும் மருத்துவமனைப் பிரிவு என்றால், தாராளமாக. இரண்டு மருந்து, ஏற்கெனவே ஒருமுறை மாயத்தோற்றம் என்று இருப்பதால் தொடக்கத்தைச் சில நாள் உள்நோயாளியாக வைத்துச் செய்வது உங்கள் தம்பிக்குப் பொருத்தமே. ஆனால் மருந்தில்லாமல் அறையில் அடைத்து ‘துடித்தால் தானே திருந்துவான்’ என்ற இடமென்றால், அனுப்பாதீர்கள். முதல் வாரத்தில் வலிப்பு என்பது ஓர் ஆபத்து. இரண்டாவது, பலர் நினைத்தும் பார்க்காதது, வெளியே வந்த பிறகு. இரண்டு மூன்று வாரம் ஓபியாய்டு இல்லாமல் இருந்தால் உடம்பின் தாங்கும் திறன் இறங்கிவிடும், ஏக்கம் இறங்காது. பழைய நினைப்பில் பழைய அளவை ஒரே தடவையில் விழுங்கினால் அது இப்போது மிகையளவு. சிகிச்சை மையத்தில் இருந்தும் சிறையில் இருந்தும் வெளிவந்த முதல் வாரங்களில் இறப்பு அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். எந்த இடத்தில் சேர்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பென்சோடயஸெபினை எத்தனை வாரத்தில் குறைப்பீர்கள்? புப்ரெனார்ஃபினோ மெத்தடோனோ தொடர்ந்து கொடுப்பீர்களா? வெளியே வந்தபின் அடுத்த சந்திப்பு எந்தத் தேதி? மூன்றாவதற்குத் தேதி சொல்லத் தெரியாத இடம் வேண்டாம்.

மருந்து குறைவது ஒரு பக்கம் நடக்கட்டும், மாத்திரை எதற்காக வந்ததோ அந்தக் காரணங்கள் இன்னும் இருக்கின்றன. முதுகுவலியை இன்னொரு தடவை புதிதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் ஓபியாய்டு எடுப்பவர்களில் சிலருக்கு நரம்புகள் வலியை மேலும் கூர்மையாக உணரத் தொடங்கும். மாத்திரையால் வந்த வலிக்கே மாத்திரை போடுவார்கள். நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலிக்கு ஓபியாய்டையும் சாதாரண வலி மருந்துகளையும் 12 மாதம் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018 இல் வந்தது. நடமாட்டத்தில் ஓபியாய்டு எந்த விதத்திலும் மேலாக இருக்கவில்லை, வலியளவில் சற்றுப் பின்தங்கியே இருந்தது. இயன்முறைப் பயிற்சியும், வாரத்துக்கு வாரம் கூட்டும் நடையும்தான் அடிப்படை.

தூக்கத்துக்கு, தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, ஆறு முதல் எட்டு அமர்வுகள். அதன் சாரம் எளிது. இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, உண்மையில் தூங்கும் நேரத்துக்கு மட்டும் படுக்கையில் இருப்பது (ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல்), 20 நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது. முன்பு வலிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தூக்க நேரத்தைச் சுருக்கக் கூடாது. தம்பியும் அந்த வரிசைக்கு அருகில் இருப்பதால், முதல் விதியோடு மட்டும் தொடங்கட்டும். மாத்திரை குறையும் ஒவ்வொரு படியிலும் சில இரவுகள் தூக்கம் கெடும். அது பழைய நோய் திரும்பியது அல்ல என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டில் சிறுநீர்ச் சோதனைப் பட்டை வாங்கிக் கண்காணிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். சாதாரண ஓபியேட் பட்டை மார்ஃபினையும் கோடீனையும் காட்டும், டிராமடாலையும், மிகக் கடுமையான ஓபியாய்டான ஃபென்டானிலையும் காட்டாது. பென்சோடயஸெபின் பட்டைகள் பல, குளோனஸெபாமையும் லோராஸெபாமையும் தவறவிடும். பட்டையை நம்பி நிம்மதியாக இருப்பதும் தவறு, பட்டையைக் காட்டிச் சண்டை போடுவதும் தவறு. தேவை என்றால் ஆய்வகச் சோதனையை மருத்துவர் கேட்பார்.

‘மருந்துக்கடைகளில் சொல்லி எங்கும் கிடைக்காமல் செய்துவிட்டால்?’ என்பதும் பலருக்கு வரும் யோசனை. கட்டுப்பாடு வேண்டும்தான், ஆனால் சிகிச்சைக் கதவு திறக்கும் முன் கடைக் கதவை மூடினால் ஆள் சந்துக்குப் போவார். அமெரிக்காவில் 2010 இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைப் பொடிக்க முடியாதபடி மாற்றினார்கள். அந்த மாத்திரையின் துஷ்பிரயோகம் குறைந்தது, பயன்படுத்தியவர்களில் ஒரு பகுதியினர் ஹெராயினுக்குப் போனார்கள். இன்று இணையத்தில் சீட்டில்லாமல் விற்கும் ‘ஆல்ப்ரசோலாம்’ போலி மாத்திரைகளில் ஃபென்டானில் கலந்திருந்து இறந்தவர்கள் உண்டு. தம்பிக்குப் போக இடம் கிடைத்தபின் பழைய இடங்களை மூடுங்கள்.

கடைசியாக அம்மாவின் மாத்திரைகள், உங்கள் மகன். வயதில் சிறியவர்களின் கைக்கு முதல் மாத்திரை பெரும்பாலும் வீட்டு அலமாரியில் இருந்தோ நண்பன் வீட்டு அலமாரியில் இருந்தோதான் போகிறது. அம்மாவுக்கு இப்போது தேவையில்லை என்றால் இன்றே அப்புறப்படுத்துங்கள். மருந்துகளைத் திரும்பப் பெறும் கடையோ மருத்துவமனையோ இருந்தால் அங்கே கொடுப்பது முதல் வழி. இல்லையென்றால் அட்டையிலிருந்து உதிர்த்து, பொடிக்காமல், ஈர மண்ணோடோ பயன்படுத்திய காபித்தூளோடோ கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உறையில் இருக்கும் பெயரைக் கிழித்துவிடுங்கள். ஃபென்டானில் ஒட்டுத்துணி இருந்தால் அதற்கு மட்டும் தனி விதி. மூன்று நாள் ஒட்டிக் கழற்றியதிலும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவுக்கு மருந்து மிஞ்சியிருக்கும். பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, உறையில் உள்ள குறிப்பு சொல்கிறபடி உடனே அகற்ற வேண்டும்.

இனி வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ வந்தால், ஓபியாய்டு எழுதும் மருத்துவரிடம் ‘எத்தனை நாளுக்கு?’ என்று கேளுங்கள். கடுமையான வலி பலவற்றுக்கும் மூன்று நாள் போதும், ஏழு நாளுக்கு மேல் தேவைப்படுவது குறைவு. கைகால் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், இபுப்ரோஃபென் 400 மி.கி. உடன் பாராசிட்டமால் 1,000 மி.கி. சேர்த்துக் கொடுத்தது, ஓபியாய்டு கலந்த மாத்திரைகள் அளவுக்கே இரண்டு மணி நேரத்தில் வலியைக் குறைத்தது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இபுப்ரோஃபென் ஆகாது, அதைச் சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரை என்றால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் போக வேண்டாம். தொடங்கும் அன்றே முடிக்கும் தேதியையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மகனிடம் மாமாவின் விஷயத்தை மறைக்காதீர்கள். 15 வயதுப் பையனுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். மாமாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்தாலேயே வந்தது, டாக்டர் குறைத்துக்கொண்டு வருகிறார் என்று சொல்லுங்கள். மாமா எழுப்பியும் எழவில்லை என்றால் யாரை அழைப்பது, எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்பதை அவனுக்கும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். அந்த நேரம் வீட்டில் அவன் மட்டும் இருக்கலாம்.